நான் மாற்றிச் சொன்ன வாக்கியம்

மாற்றிச் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்து நாலு வாக்கியம் தாண்டியும் வந்தாயிற்று. மேடையில் டாக்டர் ப்ரூயிட் இப்போது தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார், வெள்ளைப் பிள்ளைகள் படித்துக் கிழித்த புத்தகங்கள்தான் கறுப்புப் பிள்ளைகளுக்கு வரும், கடைசிப் பக்கம் இருக்காது, அதனால் எந்தக் கதைக்கும் முடிவு தெரியாமலே வளர்ந்தேன் என்கிறார், நானும் அதைச் சுத்தமாகத் தமிழில் சொல்கிறேன், பந்தலில் சிரிக்கிறார்கள், வாய் தன் பாட்டுக்கு வேலை செய்கிறது, மனம் மட்டும் நாலு வாக்கியத்துக்குப் பின்னால் அதே இடத்தில் நிற்கிறது. அவர் சொன்னது இது: இன்று காலை உங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவரைப் பார்த்தேன். வெள்ளையரையும் எங்களையும் பிரிக்க எங்கள் ஊர்க் கல்லறையிலும் அப்படி ஒரு சுவர் இருந்தது. அதைக் கட்டிய கொத்தனார் என் அப்பா. நான் சொன்னது இது: இன்று காலை உங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்தேன். எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. என் அப்பா ஒரு கொத்தனார். மூன்றுக்கு மூன்று. நீளம்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு வார்த்தையும் பொய்யில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அதுதான் பயமாக இருக்கிறது. இவ்வளவு கச்சிதமாக எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது. யோசித்துச் செய்யவில்லை. யோசித்துச் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வதும் நான் யோசித்துச் செய்வதாக இருக்கலாம்.

டாக்டர் ப்ரூயிட்டுக்கு எண்பத்தோரு வயது. அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன ஊர்க்காரர். இறையியல் படித்து, நாலு தடித்த புத்தகம் எழுதி, போலீஸ் அடி வாங்கி, சிறையிலிருந்து, பிறகு ஒரு பெரிய சபைக்கே தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் செமினரிக்கு, போதகர் படிப்புக் கல்லூரிக்கு, வந்தவரை மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டங்களுக்கு எங்கள் ஊருக்கு அழைத்திருக்கிறார்கள். மொழிபெயர்க்க நான். இன்று மூன்றாம் நாள், மாலை நாலு மணிக் கூட்டம், தகரப் பந்தல் இன்னும் காய்கிறது. தொண்டை முதல் நாளே கட்டிவிட்டது. மிளகும் பனங்கற்கண்டும் மாறி மாறி வாயில் போட்டு ஒப்பேற்றுகிறேன். அவர் கால் வீங்கி செருப்பின் வார் பதிந்திருக்கிறது, நாற்காலி போட்டும் உட்காரமாட்டேன் என்கிறார், அவர் நிற்கும்போது நான் எப்படி உட்கார? முதல் நாள் குழாயடியில் ஒரு அக்கா சொன்னாள், "வெள்ளைக்காரரு வாராருன்னாவ, இவரப் பாத்தா எங்க சித்தப்பா கணக்கா இருக்காரு." இன்னொருத்தி, "கறுப்பா இருக்க வெள்ளைக்காரரு போல" என்றாள். என்ன சிரிக்கிறார்கள் என்று அவர் கேட்டார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் ஊரில் யாரும் தன்னை அப்படித் தவறாக நினைத்ததில்லை என்றார். அன்றைக்கு எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். அன்றைக்குச் சொல்வதில் ஒன்றும் போய்விடவில்லை.

இப்போது அவர் கோயில் படிகளுக்கு வந்துவிட்டார். இந்தப் பகுதி எனக்குத் தெரியும், அவர் புத்தகத்தில் இருக்கிறது, செமினரி நூலகத்தில் அதை எடுத்துப் படித்தவன் ஐந்து வருஷத்தில் நான் ஒருவன்தான். அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மாணவர்களோடு வெள்ளையர் கோயிலுக்குப் போகிறார். வாசலில் சபை மூப்பர்கள் கையோடு கை கோத்து நிற்கிறார்கள். உள்ளே விடமாட்டார்கள். அதனால் படியிலேயே முழங்கால் போடுகிறார்கள். அடுத்த ஞாயிறும் படி. அதற்கடுத்த ஞாயிறும். பதினேழு ஞாயிறு. உள்ளே பாடும் பாட்டையே வெளியே இவர்களும் பாடினார்கள், என்ன, கதவு நடுவில் இருந்ததால் ஒரு வரி பின்தங்கிப் பாடினோம் என்கிறார். நான் சொல்கிறேன். மூப்பர்களில் ஒருவர் மருந்துக்கடைக்காரர், வார நாளில் என் அம்மாவுக்கு மாத்திரை தருகிறவர், மிக நல்ல மனிதர், ஞாயிறு காலையில் என் முகம் அவருக்குத் தெரியாது என்கிறார். அதையும் சொல்கிறேன். சொல்லும்போது என் கண் முன்வரிசையில் எபனேசர் சாரிடம் போகிறது, போகாதே என்றாலும் போகிறது. ஊர்ச் சபையை நடத்துகிற சேகரக் கமிட்டியின் செயலர். எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். இந்த மேடையில் நான் நிற்கிற ஆங்கிலத்தில் பாதி அவர் கொடுத்தது, அதை மறந்தால் நான் மனுஷனில்லை. அவர் அந்தச் சுவர் வாக்கியத்தை ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் செய்ததையும் கேட்டார். கேட்டுவிட்டு லேசாகத் தலையசைத்தார். பள்ளியில் இலக்கணப் பயிற்சியைச் சரியாக முடித்தால் அசைப்பாரே, அதே அசைவு.

நேற்று மாலை சார் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். மிரட்டவில்லை, அப்படிச் சொன்னால் அது அநியாயம். டீ வாங்கிக் கொடுத்தார். "பெரியவரு அங்கத்த அரசியலெல்லாம் பேசுவாரு தம்பி. பேசட்டும், வயசாளி. நீ நம்ம ஜனத்துக்குத் தேவையானத மட்டும் எடுத்துக் குடு. காரத்த அங்கயே விட்டுரு" என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி இருக்கு. ஒன் பேரத்தான் மொதல்ல எடுக்கணும்னு சொல்லிருக்கேன்" என்றார். இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. நடுவில் டீ ஆற்றினார். போதகர் ஊழியத்துக்கு ஒருவனை எடுக்க வேண்டுமென்றால் சொந்த ஊர்க் கமிட்டி சிபாரிசுக் கடிதம் தரவேண்டும். கமிட்டியில் பதினொரு பேர், பதினொருவரும் மேலத்தெரு. கீழத்தெருவிலிருந்து இதுவரை யாரும் கேட்டதில்லை, கேட்கிற அளவுக்கு யாரும் படித்ததில்லை. எங்கள் தெருவில் முதல் பட்டம் நான். வீட்டில் அது கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது, ஆணி அடிக்க அப்பா மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். கடிதம் கிடைக்காவிட்டால் என்ன செய்வேன்? டியூஷன் எடுக்கலாம். செமினரியில் ஐந்து வருஷம் கிரேக்கமும் எபிரேயமும் படித்துவிட்டு டியூஷன். அதை அப்பாவிடம் எந்த மொழியில் சொல்வது?

டாக்டர் ப்ரூயிட் இப்போது சிறை நாட்களுக்குப் போய்விட்டார். நாற்பத்து மூன்று நாள். அறையில் பன்னிரண்டு பேர், பாய் நாலு. முறை வைத்துத் தூங்கினோம், நான் வீரனாக இருந்தேன் என்று பிற்பாடு பத்திரிகைகள் எழுதின, உண்மையில் எனக்கு மலச்சிக்கல், வேறெதையும் நினைக்க நேரமில்லை என்கிறார். மலச்சிக்கலை மேடையில் எப்படிச் சொல்வது, வயிறு சரியில்லை என்கிறேன், பாருங்கள், இதையும் மாற்றுகிறேன், கை பழகிவிட்டது, ஒன்றை மாற்றினால் அடுத்தது தானே வருகிறது. காலையில் நடந்தது என் தப்புதான். நடக்கலாம் என்று கூப்பிட்டார், நான் குளத்துப் பக்கம் கூட்டிப்போயிருக்கலாம், கால் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனது. ஒன்பது அடிச் சுவர். இதற்கு முன் அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்புதான் இருந்தது, பிள்ளைகள் தாண்டிக் குதிப்பார்கள், ஆடு தாண்டும், அதனால்தான் சுவர் என்றார்கள், ஆட்டுக்காக ஒன்பது அடி. இது எதற்கு என்று அவர் கேட்டார். பழைய எல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று நாளாக எதையும் மறைக்காமல் சொல்லிச் சொல்லி எனக்கு அது வழக்கமாகிவிட்டிருந்தது, அந்தப் பக்கம் மேலத்தெரு, இந்தப் பக்கம் நாங்கள் என்றேன். உன் ஆட்கள் யாராவது இங்கே? அம்மா, என்று காட்டினேன். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் மூலை. அவர் தொப்பியைக் கழற்றினார். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, ஒன்றே ஒன்றை மட்டும்: அந்தச் சுவரைக் கட்டியது யார் என்று.

அப்பா பின்னால் ஜமுக்காளத்தில் இருக்கிறார். பின்வரிசை நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன, கீழத்தெரு ஆண்கள் ஜமுக்காளத்தில்தான் உட்காருவார்கள், யாரும் சொல்வதில்லை, சொல்லவே வேண்டாம். வெள்ளைச் சட்டை, நான் கிறிஸ்மஸுக்கு எடுத்துக்கொடுத்தது, மடிப்பு கலையாமல் முதுகை நிமிர்த்தி, மகன் மேடையில் பேசுகிறான் என்று. அந்தச் சுவர் எழுந்தபோது எனக்கு ஏழு வயது. மேலத்தெருக்காரர்களிடம் கொத்தனார் இல்லாமலில்லை, ஆனால் ஊரில் தூக்குக்குண்டு போட்டால் நூல் பிசகாத கை அப்பாவுடையது. கூப்பிட்டார்கள். போனார். நான் மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவேன், சாரத்தின் மேலிருந்து இறங்கி வருவார், தாடியில் சிமெண்ட், எப்பா இது என்ன வீடு என்று கேட்டேன், வீடில்லய்யா என்றார். அவ்வளவுதான் பேச்சு. அம்மா அந்த வாரம் முழுக்க அவரிடம் பேசவில்லை என்று அத்தை பிற்பாடு சொன்னாள். இரண்டு வருஷத்தில் அம்மா போய்விட்டாள். குழிக்குள் மண் போடும்போது அப்பா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை நான் செமினரியில் ஒரு கட்டுரையில் எழுதினேன், தானே எழுப்பிய சுவரில் சாய்ந்து அழுத மனிதன் என்று, எல்லாரும் பாராட்டினார்கள், ஆனால் அவர் அழவில்லை. அவர் கட்டைவிரலால் ஒரு இணைப்பைத் தேய்த்துச் சாந்து பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் நின்றேன். தெரிந்தும் அழுதார் என்று எழுதினேன். ஆக இன்றைக்குத்தான் முதல் தடவை என்றில்லை.

யாருக்காக மாற்றினேன்? அப்பாவுக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. முன்னூறு பேர் நடுவில், ஒரு கறுப்புக் கொத்தனார் தன் ஜனத்துக்கு எதிராகவே சுவர் கட்டினார் என்று அவர் மகனே மேடையில் சொல்ல, அதை என் அப்பாவின் மகனான நான் எல்லாருக்கும் தமிழில் சொன்னால், ஒவ்வொரு தலையும் ஜமுக்காளத்துப் பக்கம் திரும்பும், அந்த வெள்ளைச் சட்டையை நோக்கி, அதைத் தடுத்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் வாய் திறந்தபோது அப்பா முகம் எனக்கு வரவில்லையே, டீ ஆற்றுகிற கைதான் வந்தது. அப்பா பிறகுதான் வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு, சாக்காக. இரண்டும் சேர்ந்தே வந்தன என்று வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம். களைப்பாக இருக்கிறது. பதினேழு ஞாயிறு படியில் முழங்கால் போட்டவருக்கு எத்தனை களைப்பு இருந்திருக்கும், அவருக்கு அப்போது என் வயதுதான், இருபத்தாறு. ஒரு ஞாயிறுகூடத் தலைவலி என்று படுத்துக்கொள்ளத் தோன்றவில்லையா? கேட்க வேண்டும். இனி எந்த முகத்தோடு கேட்பது?

இப்போது அவர் குரல் இறங்கிவிட்டது. தங்கள் கோயிலை வெள்ளையர் எரித்ததைச் சொன்னார், சாம்பலில் மணியின் நாக்கை மட்டும் எடுத்தோம் என்றார். தலைவரான கதையைச் சொன்னார், இருபது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பில் கையெழுத்துப் போட்டேன், படியில் கழித்த பதினேழு ஞாயிறுகளில் இருந்த விசுவாசம் அந்த நாற்காலியில் இல்லை, மகன் கோயிலுக்கு வருவதில்லை, அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றும் குறைக்காமல், வட்டியும் முதலுமாகச் சொன்னால் அந்த ஒன்று அடைபட்டுவிடும் என்பதுபோல. முடிக்கப் போகிறார் என்று தோன்றியது. கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டார், அது முடிக்கிற அடையாளம், மூன்று நாளாகப் பார்க்கிறேன். முடித்துவிடட்டும், ஜெபம் பண்ணட்டும், ஆமென், கார், ரயில், அவர் போய்விடுவார், அந்த வாக்கியமும் அவரோடு போய்விடும். அப்போது சொன்னார்: அந்தச் சுவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. என் அப்பா செத்தபோது சட்டம் மாறியிருந்தது. சுவரின் எந்தப் பக்கம் புதைப்பது என்று அம்மாவும் நானும் சண்டை போட்டோம். அந்தப் பக்கம்தான் என்றேன் நான், போராட்டக்காரன். அவர் கட்டிய சுவரை அவரைக்கொண்டே தாண்டவேண்டும் என்றேன். அம்மா சொன்னாள், அந்த மனுஷன் உயிரோடிருந்தபோது ஒரு தடவைகூட நீ அந்தச் சுவரைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை.

நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். என் முறை. எந்தச் சுவர்? இந்தப் பந்தலில் சுவரே இல்லையே, நான்தான் அதை உள்ளே விடவில்லையே. என் அப்பா இறந்தபோது எங்கே புதைப்பது என்று சண்டை வந்தது, அப்படிச் சொல்லலாம். வாக்கியம் தயாராக நாக்கில் இருக்கிறது, இதுவும் கச்சிதமாக வருகிறது. மின்விசிறி ஒன்று கிறீச்சிடுகிறது. சார் என்னைப் பார்க்கிறார், பொறுமையாக, பதில் தெரிந்த மாணவன் எழுந்து நிற்கும்போது பார்ப்பதுபோல. டாக்டர் ப்ரூயிட் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். களைப்பா என்று கேட்டார். இல்லை ஐயா, சுவரைப் பற்றி நான் அவர்களுக்குச் சொல்லவில்லை, மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன். ஆங்கிலத்தில் அது சின்ன வாக்கியமாகத்தான் இருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். வருத்தப்படுவார் என்றாவது. அவர் சற்று நேரம் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். பிறகு, "என் கால் உயிர் போகிறது" என்றார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செருப்பின் வாரைத் தளர்த்த ஆரம்பித்தார். மூன்று நாளில் முதல் தடவையாக உட்கார்ந்தார். மேடையில் நான் மட்டும் நிற்கிறேன். முன்னூறு பேர்.

"முதல்லயே ஒரு வாக்கியத்த நான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை, கட்டையாக இருந்தது. "ஐயா சொன்னது இது." சொன்னேன். இன்று காலை உங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவரைப் பார்த்தேன் என்றேன். இரண்டாவதையும் சொன்னேன். அதைக் கட்டிய கொத்தனார் என் அப்பா என்றேன். பிறகு அப்பா செத்ததை, சண்டையை, அம்மா சொன்னதை. பெண்கள் பக்கம் ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது. தலைகள் திரும்பும் என்று நினைத்தேனே, திரும்பின, நான் நினைத்ததைவிட மெதுவாக, நினைத்ததைவிட அதிகமாக. எபனேசர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அங்கே ஜமுக்காளத்தில் அப்பா எழுந்து நிற்கிறார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன், தோள் துண்டை உதறியதைப் பார்த்து. போகவில்லை.

"ஏய்யா" என்றார், என்னைப் பார்த்து, வீட்டில் கூப்பிடுவதுபோல. "அந்தப் பெரியவருட்ட ஒண்ணு கேளு. அவுங்க அப்பா அந்தச் சொவத்துக்கு ரெண்டு பக்கமும் பூசுனாராமா, ஒரு பக்கம் மட்டுந்தானா?"

"மாசிலாமணி, உக்காரு. கூட்டம் நடக்குல்லா" என்றார் சார். கோபமாகச் சொல்லவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு சந்தேகந்தான் சார். கொத்தனுக்குக் கொத்தன் கேக்கேன்." அப்பாவின் கை துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. "நம்ம சொவத்துல ஒங்க பக்கம் பூசியாச்சி. எங்க பக்கம் வெறுங்கல்லாத்தான் நிக்கி. மழத்தண்ணி அந்த மூலையில எறங்கி எறங்கி கல்லு அரிச்சிப் போச்சி. அன்னைக்குப் பூசவான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டீங்க. அதான், அவுங்க ஊர்ல எப்பிடின்னு."

எனக்குத் தெரியாது. எத்தனை தடவை அந்த மூலையில் நின்றிருக்கிறேன், செங்கல்லைப் பார்த்திருக்கிறேன், அது வெறுங்கல் என்பது கண்ணில் பட்டிருக்கிறது, பூசவா என்று ஒருவர் கேட்டிருப்பார் என்று தோன்றியதில்லை. நானும் கேட்டதில்லை. கட்டுரை எழுதினேன். பந்தலில் யாரோ, "கேளு தம்பி, கேளு" என்றார்கள். யார் என்று தெரியவில்லை, மேலத்தெருக்காரர்கள் இருக்கிற நாற்காலிகள் பக்கமிருந்துதான் வந்த மாதிரி இருந்தது. டாக்டர் ப்ரூயிட் ஒரு செருப்பைக் கழற்றிய காலோடு நிமிர்ந்து, காதருகே கையை வைத்து, அந்த மனிதர் என்ன கேட்கிறார் என்றார். மூன்று நாளாக எல்லாம் அவரிடமிருந்து வந்து இவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. பூச்சுக்கு ஆங்கிலத்தில் என்ன? தெரியும். வெறுங்கல்லுக்கு? அதுவும் வந்தது. எபனேசர் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார், அந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரியும். அவர் இதைத் தனியாகச் சொல், மைக் வேண்டாம் என்று விரலால் காட்டினார். மைக்கைக் கீழே இறக்க நினைத்தேன், கை இறங்கவில்லை. டாக்டர் ப்ரூயிட்டின் பக்கம் திரும்பி, "ஐயா, அது என் அப்பா. இந்த ஊர்ச் சுவரைக் கட்டியது அவர்தான். உங்கள் அப்பாவைப் பற்றி ஒன்று கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.